கால்களுக்கும் எட்ட வேண்டிய பாடம்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. இந்த விடுமுறைக்குள்தான் ஆண்டுதோறும் 2004 ஆழிப்பேரலையின் நினைவு நாளான டிசம்பர் 26-ம் வந்து போகிறது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும், கடலுக்கு அந்தப் பக்கம் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும், கடற்கரை ஊர்கள் அன்று காலையில் மலர் தூவி, இழந்த தங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொள்கின்றன. அந்த நாளை ஒட்டி உங்களோடு ஒரு பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரும் நிலக்கோளம் பாடம். எரிமலை, நிலநடுக்கம், ஆழிப்பேரலை மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன.

பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எரிமலையின் வகைகள் யாவை? செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை. நிலநடுக்க அலைகள் எத்தனை வகைப்படும்? மேல்மையம் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண் விடையில் அடிக்கோடு இட வேண்டிய சொற்களுக்கு அடிக்கோடு இட்டால் வேலை முடிந்தது. தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தப் பாடத்துக்குத் தேர்வறைக்கு வெளியேயும் ஒரு வேலை இருக்கிறது. நிலம் அசையும் அந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியாது. யாரிடமும் கேட்க முடியாது. வகுப்பில் கேட்டது கால்கள் வரை இறங்கியிருந்தால்தான் பிழைக்க முடியும். அப்படி இறங்கிய பாடம் ஒன்று பத்து வயதுச் சிறுமி வழியாக ஒரு கடற்கரையையே காப்பாற்றியிருக்கிறது.

அவள் பெயர் டில்லி ஸ்மித். இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பள்ளி மாணவி. 2004 டிசம்பரில் பெற்றோருடனும் தங்கையுடனும் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு விடுமுறைக்குப் போயிருந்தாள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் ஆசிரியர் ஆழிப்பேரலை பற்றி நடத்தியிருந்தார். 1946-ல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய அலையின் படக்காட்சியையும் காட்டியிருந்தார். 26-ம் தேதி காலை மாய் காவ் கடற்கரையில் நடந்தபோது தண்ணீர் நுரைத்துக் கொந்தளிப்பதையும், வழக்கத்துக்கு மாறாக ஏறிக்கொண்டே வருவதையும் டில்லி கவனித்தாள். வகுப்பில் கேட்டது அப்படியே கண்முன் நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பெற்றோரிடம் விடாமல் சொன்னாள். தந்தை அங்கிருந்த காவலரிடம் சொன்னார். கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் மேலே போனார்கள். அன்று அந்தக் கடற்கரையில் ஒருவரும் சாகவில்லை.

இன்னொரு செய்தி இதைவிடப் பெரியது. இந்தோனேசியாவின் சுமத்திராவுக்கு மேற்கே சிமெலு என்றொரு தீவு. அன்றைய நிலநடுக்கத்தின் மேல்மையத்துக்கு மிக அருகில் இருந்த மக்கள் அவர்கள்தாம். சில நிமிடங்களிலேயே அலை கரையேறியது. எந்தக் கருவியும் எந்த அரசும் அதற்குள் எச்சரித்திருக்க முடியாது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். காரணம், 1907-ல் அங்கே வந்துபோன ஒரு பேரலை. அதில் ஏராளமானோரை இழந்த மக்கள், அந்த நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் ‘ஸ்மோங்’ வருகிறது. எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து, அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் நிலம் ஆடிய உடனே குன்றுகளை நோக்கி ஓடினார்கள்.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுமத்திரா அருகே நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடம். சென்னையில் சிலர் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். பாத்திரங்கள் உருண்டதாகச் சொன்னார்கள். அலை நம் கரைக்கு வந்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து. மீனவர் குப்பங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் இருந்தது. எச்சரிக்கை மையம் எதுவும் அன்று இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஆறரை மணி அதிர்வையும் கடலையும் இணைத்துப் பார்க்கும் பாடமும் நம்மிடம் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றில் 6,000-க்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். இலங்கையில் 30,000-க்கும் மேல். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் படித்தவர்களுக்கும் இந்த அலை புதிது. ஆனால் இனி வரும் தலைமுறைக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

அறிகுறிகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. இதற்கும் 2004-ஐயே பார்க்கலாம். இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு, சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை நீளும் ஓர் ஆழ்கடல் அகழியில் பக்கத்துத் தட்டுக்கு அடியில் மெல்ல மெல்லச் செருகிக்கொண்டு போகிறது. போகிற வழியில் சிக்கிக்கொள்கிறது. மேலே உள்ள தட்டின் விளிம்பையும் தன்னோடு கீழே இழுக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த இறுக்கம் அன்று காலை சில நிமிடங்களில் விடுபட்டது. பிளவு ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. மேற்குப் பக்கக் கடலடி எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. மேலே இருந்த கடல் முழுவதும் அதோடு சேர்ந்து எழுந்து தாழ்ந்தது. அதனால்தான் கிழக்கே தாய்லாந்தின் பல கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் வந்த அலையின் முன்முனையோ உயர்ந்த நீர். முதலில் ஏறியது, பிறகு இழுத்தது, மறுபடி பெரிதாக வந்தது.

இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மூன்று உண்மைகள் கூடவே வந்துவிடும். கடல் உள்வாங்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று இருந்துவிடக் கூடாது. முதல் அலையோடு முடிந்தது என்று கரைக்குத் திரும்பக் கூடாது. கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் ஆடினால், அந்த ஆட்டமே எச்சரிக்கை. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் எது எப்போது என்று குழம்பும். ஏன் என்று தெரிந்தவருக்கு எதுவும் குழம்பாது.

எரிமலைப் பாடத்துக்கு வருகிறேன். பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் களிமண் எரிமலை ஒன்றாவது இருக்கும். உள்ளே சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கி வழியும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நின்றுவிட்டால் எரிமலை ஏன் வெடிக்கிறது என்பது தெரியாமலே போகும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள், அடுத்த மேசையில் ஒரு கோலி சோடாவை வையுங்கள். மூடியிருக்கும் வரை சோடாவில் வாயு இருப்பதே தெரியாது. கோலியை உள்ளே தள்ளி அழுத்தம் குறைந்த அந்த நொடியில் கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து சீறுகிறது. பூமிக்குள்ளும் நடப்பது இதுதான். பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது; வாயு பிரிகிறது; பாறையையே தூளாக்கிக்கொண்டு வெளியேறுகிறது. குழம்பு நீர்த்து இருந்தால் வாயு எளிதாகக் கழன்றுவிடும். ஹவாயில் நடப்பதுபோல லாவா ஆறாக ஓடும். சிலிக்கா மிகுந்து பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தால் வாயு சிக்கிக்கொள்ளும். அப்போது மலையே வெடிக்கும். 1883-ல் கிரக்கட்டோவாவில் நடந்தது அது.

இன்னொரு தப்பெண்ணத்தையும் வகுப்பிலேயே களைய வேண்டும். லாவா பூமியின் நடுவிலிருந்து வருகிறது என்று பெரியவர்கள்கூடச் சொல்வதுண்டு. பூமியின் நடுவிடம் 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. புவிக்கரு தொடங்குவதே ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்தில். எரிமலைக் குழம்பு பெரும்பாலும் மேலேயுள்ள நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் உருவாவது. இடையில் இருக்கும் கவசம் கொதிக்கும் கடல் அல்ல, திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகரக்கூடிய திடப்பாறை.

இதையெல்லாம் யார் போய்ப் பார்த்தார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால், அந்த வகுப்பு வெற்றி பெற்றுவிட்டது என்று பொருள். யாரும் போகவில்லை. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கி.மீ.க்குச் சற்று அதிகம். அதற்குக் கீழே நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நிலநடுக்கங்கள் சொல்லித் தந்தது. முதன்மை அலை திடத்திலும் திரவத்திலும் செல்லும்; இரண்டாம் நிலை அலை திரவத்தில் செல்லாது. எந்த அலை எந்த ஊரில் எப்போது பதிவாயிற்று, எங்கே பதிவாகாமல் போயிற்று என்று பார்த்துப் பார்த்தே புவிக்கருவின் வெளிப்பகுதி திரவம் என்று கண்டார்கள்.

அந்தத் திரவத்துக்குள் மீண்டும் ஒரு திட உட்கரு இருக்கிறது என்று 1936-ல் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன். 1929-ல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். அதன் அலைகள் வரக் கூடாத இடத்தில் இருந்த கருவிகளில் மெல்லிய கோடாகப் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் கடந்து போன அந்தக் கோட்டை அவர் விடவில்லை. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு பதிவையும் அட்டையில் எழுதி, பெட்டிகளில் அடுக்கிவைத்து, கணக்குப் போட்டார். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேலை என்று நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். 104 வயது வரை வாழ்ந்தார்.

அமெரிக்காவின் மேரி தார்ப்பையும் நம் மாணவியர் அறிய வேண்டும். பெண் என்பதால் அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைக் கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தாளில் குறித்தார். அட்லாண்டிக் கடலடியின் நடு மலைத்தொடரில் நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1950-களின் தொடக்கத்தில் கண்டார். முதலில் அதை யாரும் ஏற்கவில்லை. பிறகு கடலடி நிலநடுக்கங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவை அதே பள்ளத்தாக்கின் மேல் வரிசையாக விழுந்தன. கடலடி அங்கே பிரிந்து விலகுகிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் வேகனர் சொல்லி, புவியியலாளர் பலர் மறுத்து வந்த கருத்து உயிர்பெற இந்தத் தாள் வேலை பெரிதும் உதவியது.

“எல்லாம் சரி, நம் ஊரில் எரிமலை இல்லையே” என்று சில பெற்றோர் நினைக்கலாம். நாட்டின் ஒரே செயல்படும் எரிமலையான பாரன் தீவு, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப்போய், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அமைதியாக இருந்து, 1991-ல் மீண்டும் கக்கத் தொடங்கியது. உறங்கும் எரிமலை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2004-ல் ஆழிப்பேரலையை எழுப்பிய அதே தட்டுச் செருகல்தான் பாரன் தீவையும் வளர்க்கிறது. கீழே செருகும் தட்டு தன்னுள் இருக்கும் நீரை ஆழத்தில் வெளிவிடுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகுகிறது. அந்த உருகல் மேலேறித் தீவாகிறது. எரிமலையும் நிலநடுக்கமும் புத்தகத்தில் இரண்டு தலைப்புகள். அந்தமானுக்கு அடியில் ஒரே நிகழ்வு.

அஜந்தா, எல்லோரா போய்வந்த வாசகர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. அந்தக் குகைகளைக் குடைந்த கரும்பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த லாவா. கூம்பு மலை எதுவும் இல்லாமல், நிலத்தின் நீண்ட வெடிப்புகள் வழியே வழிந்து வழிந்து அடுக்கடுக்காகப் படிந்தது. இன்றும் தக்காணத்தில் சுமார் ஐந்து லட்சம் சதுர கி.மீ. பரப்பை அது மூடியிருக்கிறது. மும்பையிலிருந்து புனே போகும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் மலைச்சரிவின் படிகளே அந்த அடுக்குகளைக் காட்டும்.

நம் பூசை அலமாரிகளில் இருக்கும் சாளக்கிராமமும் இந்தப் பாடத்துக்குள் வருகிறது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான முக்திநாத் நேபாளத்தின் இமயத்தில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதன் கீழே ஓடும் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சுருள் வடிவம் காட்டுபவை, அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரினத்தின் தொல்லெச்சங்கள். கடல் உயிர் இமயத்துக்கு எப்படி ஏறியது? இந்தியத் தட்டு தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையில் இருந்த டெதிஸ் கடலின் அடிப்படிவங்கள் மடிந்து மலையாயின. அந்தத் தள்ளல் ஓயவில்லை. இந்தியா இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது. நேபாளத்திலும் உத்தராகண்டிலும் நிலம் அடிக்கடி அதிர்வது அதனால்தான். பக்தியோடு வணங்கும் பாட்டி கையாலேயே அந்தக் கல்லைப் பேரனுக்குக் காட்டி இந்தக் கதையையும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

நிலநடுக்கம் நமக்குத் தொலைவில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1900-ல் கோவைப் பகுதியில் நிலம் பலமாகவே அதிர்ந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகே கடலில் உண்டான அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. பழம்பாறை நிலம் பாதுகாப்பானது என்று நம்பியிருந்த லாத்தூரில், 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் 6.2 அளவில் ஒரு நிலநடுக்கம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. 2001 குடியரசு நாளில் குஜராத்தின் புஜ் பகுதி. அங்கும் கொன்றவை பெரும்பாலும் கட்டடங்களே. வீடு கட்டும் கொத்தனாரும் மேஸ்திரியும் பொறியாளரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம். தூணும் விட்டமும் சேரும் இடத்தில் கம்பியை எப்படிக் கட்ட வேண்டும், ஏன் அப்படிக் கட்ட வேண்டும் என்ற அக்கறைக்கு விதை இந்தப் பாடத்தில்தான் விழ வேண்டும்.

படிப்பது பிள்ளைகள் மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவில் நெவாடோ தெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரியது அல்ல. ஆனால் சிகரத்துப் பனியை உருக்கிவிட்டது. சாம்பலும் சேறும் கலந்த வெள்ளம் ஆற்று வழியே இறங்கி அர்மேரோ என்ற ஊரை மூடியது. மொத்தம் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். சேறு அந்த ஊரை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டு நிலம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஆபத்து எங்கே வரும் என்று காட்டும் வரைபடத்தை அறிஞர்கள் சில வாரங்களுக்கு முன்பே தயாரித்தும் இருந்தார்கள். வரைபடம் இருந்தது, அதைப் பார்த்து எழுந்து நடக்க மக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிரான்ஸைச் சேர்ந்த எரிமலை ஆய்வாளர்கள் மோரிஸ் கிராஃப்டும் காத்யா கிராஃப்டும் இதைத் தாங்க முடியாமல், எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்று சாதாரண மக்களுக்குக் காட்டும் படம் ஒன்றை உருவாக்கினார்கள். 1991-ல் பிலிப்பைன்ஸில் பினட்டூபோ விழித்தபோது, இன்னும் முழுமை பெறாத அந்தப் படத்தையே அங்கிருந்த அறிஞர்கள் அதிகாரிகளுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதுவரை தயங்கியவர்கள் படத்தைப் பார்த்ததும் நம்பினார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தபோது பல்லாயிரம் பேர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். அந்த வெற்றியைப் பார்க்கக் கிராஃப்ட் தம்பதி இல்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் இருவரும் உயிரிழந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. அறிந்ததை மற்றவருக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர்கள்.

ஜப்பானின் கமாய்ஷி நகரப் பள்ளிகள் இதையே வகுப்பறையில் செய்து காட்டின. பேராசிரியர் தோஷிதாகா கதாதாவின் வழிகாட்டுதலில் ஆசிரியர்கள் ஆழிப்பேரலையைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் மற்றப் பாடங்களோடு சேர்த்தார்கள். கணக்குப் பாடத்தில்கூட அலையின் வேகம் வந்தது. வரைபடம் சொல்வதை மட்டும் நம்பியிருக்காதே. உன்னால் முடிந்ததை முழுவதும் செய். முதலில் ஓடுபவன் நீயாக இரு. இவை அவர் கற்பித்த மூன்று கொள்கைகள். 2011 மார்ச் 11 அன்று நிலம் ஆடியதும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்துவைத்த இடத்தை அடைந்தும் நிற்காமல், அது போதாது என்று கண்டு இன்னும் மேலே போனார்கள். அந்தப் பள்ளிகள் ஆபத்து வரைபடத்தில் அலை எட்டும் எல்லைக்கு வெளியே இருந்தவை. அலை அவற்றை மூழ்கடித்தது. அந்த நகரத்தின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

நாமும் செய்யலாம். செலவும் அதிகம் இல்லை. ஒரு கம்பிச் சுருளை இரண்டு மாணவர்கள் மேசைமேல் நீட்டிப் பிடிக்கட்டும். முன்னே தள்ளினால் முதன்மை அலை. பக்கவாட்டில் ஆட்டினால் இரண்டாம் நிலை அலை. முதலாவது வேகமாக வரும், இரண்டாவது பிந்தி வந்து பலமாக ஆட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்கினால் நிலநடுக்கம் நடந்த தொலைவு கிலோமீட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். மூன்று ஊர்களின் தொலைவைக் கவராயத்தால் வட்டமாக வரைந்தால், மூன்றும் வெட்டும் இடம் மேல்மையம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கடலின் ஆழத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணட்டும்; ஆழிப்பேரலையின் வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்துக்கு வினாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கி.மீ. வேகம். கரையை நெருங்கும்போது அலை ஏன் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது என்ற கேள்வி தானே எழும். நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. செய்தித்தாளில் 6 என்றும் 8 என்றும் பார்க்கும்போது அந்த வேறுபாடு மாணவருக்கு உறைக்க வேண்டும்.

இந்தப் பாடம் இன்னொரு வகையிலும் வீட்டுக்கு உதவும். எங்காவது நிலம் அதிர்ந்த மறுநாளே, இன்றிரவு இத்தனை மணிக்கு இன்னொன்று வரும் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறக்கின்றன. கிரகச் சேர்க்கையைக் காரணம் காட்டுகிறார்கள். நாள், நேரம், இடம் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. ஆழிப்பேரலை அப்படியல்ல, கடலடியில் நிலம் அதிர்ந்த பிறகு அலை கிளம்பி வர நேரம் ஆகும். அந்த நேரத்தைப் பயன்படுத்தத்தான் ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடியவர், நேற்று அந்தப் பாடத்தைப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைதான்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பருவத்துக்கு ஒரு முறை ஒரு பாடவேளையை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் குனிந்து, மேசைக்கு அடியில் தலையைக் காத்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆட்டம் நின்ற பிறகு படியில் முண்டாமல் வரிசையாகத் திறந்த வெளிக்கு வரட்டும். கடற்கரைப் பள்ளிகள், எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம் என்று ஒரு முறை நடந்தே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளே நேரம் குறிக்கட்டும்.

பெற்றோர்களே, உங்கள் பகுதிப் பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது. அதன் சார்னோகைட் பாறை உலகப் புவியியல் நூல்களில் இடம் பெற்றது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. அருகே காரையின் செம்மண் ஓடைகளில், ஒரு காலத்தில் கடல் அங்கே இருந்ததற்கான சான்றுகள் இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்து எடுக்காமல், தொட்டுப் பார்த்து, கேள்விகளோடு திரும்பி வாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். 2004-ஐக் கண்ணால் பார்த்த தாத்தாவோ பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், அன்று கடல் எப்படி இருந்தது, முதலில் என்ன பார்த்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அவர்களுக்குச் சொல்ல மனம் இருந்தால் மட்டும். அடுத்த இதழ் முதல் இரண்டு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்குகிறோம். சிமெலு தீவு ஒரு நூற்றாண்டு காத்துவைத்த பாட்டைப் போல, நம் கரையிலும் தலைமுறை தாண்டிச் செல்லும் பாடம் ஒன்று உருவாக வேண்டும். அதை எழுதப் போகிறவர்கள் நீங்கள்தான். அச்சிட்டு ஊர் ஊராகச் சேர்ப்பது எங்கள் கடமை.

அன்புடன்,
ஆசிரியர்